காப்பகத்து நாயா, பிரீடரிடம் குட்டியா? முன்பணம் கட்டுவதற்கு முன்பு

கேள்வி: நான், கணவர், ஏழு வயது மகள், மாமியார் என்று நான்கு பேர் உள்ள வீடு. அடுக்குமாடியில் மூன்றாம் தளம். மாமியாருக்கு மூட்டுவலி, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். இதற்கு முன் நாய் வளர்த்ததில்லை. சின்ன நாயாக ஒன்று வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எங்கே வாங்குவது என்பதில்தான் சண்டை. கணவர் இணையத்தில் 'டீகப் பொமரேனியன், 6 வாரக் குட்டி, வீட்டுக்கே டெலிவரி' என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டலாம் என்கிறார். எனக்குக் காப்பகத்திலிருந்து எடுக்க ஆசை. போய்ப் பார்த்தோம். ஐந்து வயது இருக்கும் என்று சொன்ன ஒரு சின்னக் கலப்பின நாய், நாங்கள் நின்ற நேரமெல்லாம் குரைத்துக்கொண்டே இருந்தது. 'யாரோ வேண்டாம் என்று விட்ட நாய், ஏதாவது கோளாறு இருக்கும்' என்கிறார் கணவர். நாத்தனாரோ, பிரீடரிடம் காசு கொடுத்து வாங்குவதே பாவம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அவசரமான விஷயம். அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். காப்பகமா பிரீடரா என்ற பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் விளம்பரத்துக்குச் சொந்தக்காரர் பிரீடராக, அதாவது தன்னிடமே நாய்களை இணை சேர்த்துக் குட்டி வளர்த்துக் கொடுப்பவராக, இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குட்டிகளை எங்கிருந்தோ வாங்கி விற்கும் வியாபாரியின் மூன்று அடையாளங்களும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன.

ஒன்று, ஆறு வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14ஆம் வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தோடு பழகும் காலம். அதன் முன்பாதியைத் தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் கழிக்க வேண்டும். விளையாட்டில் அழுத்திக் கடித்தால் எதிர்க்குட்டி வீல் என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. எந்த இனமானாலும் 8 வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. பொமரேனியன், சிவாவா போன்ற மிகச் சிறிய இனங்களை 10 முதல் 12 வாரம் வரை தாயிடமே வைத்திருப்பதுதான் நல்ல பிரீடர்களின் வழக்கம். காரணம் பாசம் மட்டுமல்ல. இந்தக் குட்டிகளின் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. பயணக் களைப்பிலோ புது வீட்டுப் பயத்திலோ ஒன்றிரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி துவளும், தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போய்விடலாம். அப்படி நடந்தால் ஈறில் கொஞ்சம் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரண்டு, டீகப், அதாவது தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் என்று சொல்லி விற்கும் மிகச் சிறிய நாய். அப்படி ஓர் அளவை இனப் பதிவு செய்யும் பெரிய கென்னல் சங்கங்கள் எதுவும் ஏற்கவில்லை. இன வரையறைப்படி வளர்ந்த பொமரேனியனே ஏறக்குறைய ஒன்றரை கிலோவிலிருந்து மூன்றேகால் கிலோ வரைதான். அதற்கும் கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் ஒவ்வோர் ஈற்றிலும் நோஞ்சானாகப் பிறந்ததையே எடுத்து இணை சேர்க்க வேண்டும், அல்லது தீனியைக் குறைக்க வேண்டும், அல்லது வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டும். கடைசி வகை மோசடியைக் கண்டுபிடிக்க வாயைத் திறந்து பார்த்தால் போதும். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28. முன்பற்களும் கோரைப்பற்களும் மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கும்; பக்கப்பற்கள் அவற்றைத் தொடர்ந்து வரும். எட்டு வாரத்தில் வரிசை ஏறக்குறைய நிறைந்திருக்கும். மிகச் சிறிய இனங்களில் சற்றுத் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் 'பத்து வாரம்' என்று சொல்லி நீட்டும் குட்டியின் கோரைப்பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறுதான் தெரிகிறது என்றால் சொன்ன வயது பொய்.

மூன்று, வீட்டுக்கே டெலிவரி. கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் தாய் நாய் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதே பெரும்பாலும் அதன் நோக்கம். கம்பிக் கூண்டுக்குள் ஒவ்வொரு பருவத்துக்கும் ஈன வைக்கப்படும் தாயைக் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் வந்த 'லூசி சட்டம்' இதைத்தான் குறிவைத்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும். குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட கவாலியர் ஸ்பேனியல் இனத் தாய் நாயின் பெயர்தான் லூசி. உங்கள் ஊரில் சட்டம் என்ன சொன்னாலும் இந்த விதியை உங்கள் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

'அந்தக் குட்டியையாவது காப்பாற்றினோம் என்று இருக்கட்டுமே' என்றும் தோன்றும். நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கான செலவாகப் போகும். ஒரு குட்டி வெளியே வரும், தாய் உள்ளேயே இருக்கும்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். நாத்தனார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எங்கும் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. அங்கிருந்து ஒன்றை எடுத்தால் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும். ஆனால் பொறுப்பான பிரீடரால் அந்தக் கூட்டம் பெருகுவதில்லை. தன்னிடம் பிறந்த நாயைப் பத்து வயதில் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பவர் அவர். காப்பகத்தை நிரப்புவது கேள்வி கேட்காமல் விற்பவர்களும் யோசிக்காமல் வாங்குகிறவர்களும்தான்.

கணவர் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. நாய் காப்பகத்துக்கு வருவதற்குப் பெரும்பாலும் மனிதர்களின் வாழ்க்கைதான் காரணம்: வளர்த்தவர் இறந்துபோவது, வீடு மாறுவது, விவாகரத்து, வேலை போவது, கைக்குழந்தை, ஒவ்வாமை. நடத்தைச் சிக்கலால் வருபவையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. சின்ன நாய்களில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பெரிய நாய் உறுமினால் உடனே பதிவாகும்; மூன்று கிலோ நாய் கடித்தாலும் 'சின்னதுதானே' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் விட்டுப்போனவர் எழுதிக்கொடுத்த குறிப்பில் கடித்த விவரம் விடுபட்டிருக்கலாம். நீங்களாகவே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஆகவே, எந்த வாசல் என்பதைவிட இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இந்த நாயைப் பற்றிய உண்மையை, குறைகள் உட்பட, உங்களிடம் சொல்ல ஆள் இருக்கிறாரா? ஒத்துவராவிட்டால் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொள்வாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் காப்பகமும் சரி, பிரீடரும் சரி. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் வீட்டுக்கு எப்படிப்பட்ட நாய் பொருந்தும்? இதை முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். ஏழு வயதுக் குழந்தை, கைத்தடியோடு நடக்கும் மாமியார், முதல்முறை நாய் வளர்க்கும் நீங்கள் என்று பார்க்கும்போது, குட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒவ்வொரு முறையும் மூன்றாம் தளத்திலிருந்து யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? காலைச் சுற்றிச் சுற்றி ஓடும் குட்டி, கைத்தடி ஊன்றுபவரைத் தடுக்கி விழவைக்கும். இருவருக்குமே எலும்பு முறியலாம். மிகச் சிறிய இனங்களின் முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான் இருக்கும். சோபாவிலிருந்து குதித்தோ குழந்தையின் கையிலிருந்து நழுவியோ முன்னங்கால் முறிவது இந்த இனங்களில் சர்வசாதாரணம். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதும் சிரமம். எனவே எடையையும் யோசியுங்கள். இரண்டு கிலோ நாய் குழந்தையோடு பழகுவதைவிட ஐந்திலிருந்து எட்டு கிலோ நாய் பழகுவது இருவருக்கும் பாதுகாப்பு. அதையும் தூக்கிவிடலாம், மின்தூக்கியில் காலடியில் உட்கார்த்தலாம். அது சின்ன நாய்தான்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள நாய்க்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. இனி வளராது, குணமும் படிந்துவிட்டது. உங்கள் முன் நிற்பதுதான் நீங்கள் பெறப்போகும் நாய். கலப்பினக் குட்டியைக் காட்டி 'சின்னதாகத்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

சரி, அந்தக் குரைத்த நாய். கூண்டில் குரைப்பதை வைத்து ஒரு நாயை எடைபோடவே முடியாது. வரிசையாக எத்தனையோ நாய்கள், சத்தம் எதிரொலிக்கும் சுவர், கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று உற்றுப் பார்த்துவிட்டுப் போகும் புது முகங்கள். அதில் குரைக்கிற நாய் வெளியே வந்ததும் அமைதியாகிவிடலாம். அதேபோல் மூலையில் சுருண்டு கிடப்பதைப் 'பாவம், எவ்வளவு சாது' என்று நினைப்பதும் தவறு. பயத்தில் உறைந்துபோன நாயாக அது இருக்கலாம், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்த பிறகுதான் அதன் உண்மைக் குணம் தெரியும்.

அதனால் மறுபடி போங்கள். கூட்டம் இல்லாத வேலை நாளில் போவது நல்லது. அந்த நாயைக் கழுத்துப்பட்டையில் இழுக்காமல் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டி வெளியே அழைத்துவரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் நடக்க விட்டு, சிறுநீர் கழித்து மோப்பம் பிடித்து ஆசுவாசப்பட்ட பிறகு, சத்தமில்லாத ஓர் அறையில் அல்லது நிழலில் உட்காருங்கள். நீங்கள் அதனிடம் போக வேண்டாம், அது உங்களிடம் வரட்டும். வந்தால் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, பேசாமல் இருங்கள். உடம்பை உங்கள் பக்கம் சாய்த்தாலோ மூக்கால் கையைத் தட்டினாலோ 'இன்னும் வேண்டும்' என்கிறது. அப்படியே நகர்ந்துபோனால் 'போதும்' என்கிறது. அதுவும் நல்ல பதில்தான், நாகரிகமாகச் சொல்லத் தெரிந்த நாய். கவலைப்பட வேண்டியது மூன்றாவது பதிலுக்கு: உடம்பு விறைத்து, வாய் இறுக மூடி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டி, வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். உறுமல் வருவதற்கு முந்தைய கட்டம் அது. கையை எடுத்துவிடுங்கள், குழந்தையுள்ள உங்கள் வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம்.

சரியாகப் போகிறது என்றால் பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தொடும்போது எப்படி இருக்கிறது என்று பராமரிப்பாளரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு. எத்தனை விநாடியில் மீண்டு வந்து மோந்து பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பார்க்கும் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். காப்பகத்தில் அப்படிச் சீறும் நாய் வீட்டில் சாதாரணமாக இருப்பதும் உண்டு, நேர்மாறாக நடப்பதும் உண்டு. அந்தச் சோதனையை நம்ப முடியாது. தினமும் தீனி வைப்பவரிடம் கேட்பதே மேல்.

அவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. எப்படி இங்கே வந்தது? எத்தனை நாளாக இருக்கிறது? ஏற்கெனவே யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் ஏன்? யாரையாவது கடித்ததா, பல் பதிந்ததா? மடியில் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் நெருங்கினால் உறுமுமா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சின்ன நாய்க்குக் கட்டாயம் கேளுங்கள். மடியையும் சோபாவையும் காவல் காப்பது இவற்றில் அதிகம். மாமியார் மடியில் நாய் இருக்கும்போது மகள் ஓடிவந்து பாட்டியைக் கட்டிக்கொள்வாள் அல்லவா? கொஞ்ச நாள் யாராவது ஒருவர் வீட்டில் இருந்த நாய் என்றால் அந்த வீட்டாரிடம் பேசக் கேளுங்கள். அவர்களுடைய ஐந்து நிமிடப் பேச்சு, கூண்டின் முன் நிற்கும் ஒரு மணி நேரத்தைவிட அதிகம் சொல்லும்.

உடல்நலத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பல். வயது 'ஐந்து' என்பது பெரும்பாலும் பல்லைப் பார்த்துச் சொல்லும் உத்தேசம். சின்ன நாய்களுக்குச் சீக்கிரமே பல்லில் காரை படிந்து ஈறு வீங்கும் என்பதால் உத்தேசம் இரு பக்கமும் தவறலாம். பல் சுத்தம் செய்வதும் ஆடும் பற்களைப் பிடுங்குவதும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வேலை. அந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள். இரண்டாவது இதயம். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபோது மர்மர் (இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல்) இருந்ததா, இருந்தால் 6 படிகளில் எத்தனையாவது என்று கேளுங்கள். வயதான சின்ன நாய்களில் இதய வால்வு தேய்வது மிகப் பரவலான நோய். மர்மர் கேட்டது என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் மருந்தே இல்லாமல் நன்றாக இருக்கும். தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதை நீங்களே பார்க்கலாம். அதை நடக்க விட்டுப் பின்னாலிருந்து கவனியுங்கள். ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டு நொண்டியடித்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஊன்றி நடந்தால், பெரும்பாலும் முழங்கால் சில்லு இடம் விலகித் திரும்புகிறது என்று பொருள். அழகாகத் துள்ளுகிறது என்று பலர் சிரிப்பார்கள். லேசான நிலை என்றால் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். முற்றிய நிலைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். மருத்துவரிடம் காட்டி எந்த நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். காப்பகத்திலிருந்து வந்த முதல் இரண்டு வாரத்தில் இருமல் வந்தால் பெரும்பாலும் அது கூட்டத்தில் தொற்றும் சளி இருமல். வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் மூச்சுக்குழல் தொய்ந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 'தத்து' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வாராவாரம் விலையுயர்ந்த இனத்தின் இரண்டு மாதக் குட்டிகளையே 'தத்துக்கு' வைத்துக்கொண்டு, அதற்குப் பெரிய தொகை கேட்டு, உங்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத இடம் வேறு பெயர்ப்பலகை மாட்டிய கடைதான். உண்மையான காப்பகத்தில் வயது வந்த நாய்களே அதிகம் இருக்கும், உங்களையும் துருவித் துருவிக் கேட்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிரீடரிடம்தான் போவது என்று முடிவானால் அதில் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. குறிப்பிட்ட குணமும் அளவும் தேவை, காப்பகத்தில் பல மாதம் தேடியும் பொருந்தவில்லை என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அங்கே ஏமாறாமல் இருக்க ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 'டாக்டர் பார்த்த குட்டி' என்பது வேறு, 'பெற்றோரைப் பரிசோதித்து இணை சேர்த்த குட்டி' என்பது வேறு. முதலாவது, குட்டிக்கு இன்று காய்ச்சல் இல்லை, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்று மட்டுமே சொல்லும். சின்ன இனங்களின் பரம்பரைக் குறைகள் எட்டு வாரத்தில் பெரும்பாலும் தெரியாது. அதனால் தாயையும் தந்தையையும்தான் பார்க்க வேண்டும். முழங்கால் சில்லுப் பரிசோதனையை ஒரு வயது நிறைந்த பிறகு செய்தால்தான் அதிகாரப்பூர்வச் சான்றிதழ் தருவார்கள். தாய்க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்றால் அந்தச் சான்றிதழ் இருக்கவே முடியாது. அந்த வயதில் அதை ஈன வைத்ததே தவறு.

பொமரேனியன் என்றால் முழங்கால், இதயம், கண் ஆகிய மூன்றின் அறிக்கை கேளுங்கள். கவாலியர் என்றால் இதயத்தை நிபுணர் பார்த்த அறிக்கை இல்லாமல் பேச்சே வேண்டாம். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுத்திறனை நடக்கவைத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019இல் கொண்டுவந்தது அது. மூன்று நிமிடம் வேகமாக நடக்கவிட்டு, முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். குறட்டை விட்டுத் தூங்கும் தாய் நாயைப் பார்த்து 'இந்த இனமே அப்படித்தான்' என்று ஒருவர் சொன்னால் நாயின் மூச்சுத்திணறலை அவர் அழகாக நினைக்கிறார் என்று அர்த்தம்.

மரபணு அறிக்கையில் 'கேரியர்' (நோய் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய்) என்று இருந்தால் பயந்து எழுந்துவிட வேண்டாம். தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் நோய் தரும் ஒடுங்கு மரபணுவால் வரும் நோயில் ஒரு பக்கம் கேரியர், மறுபக்கம் அந்த மரபணு இல்லாத சுத்தம் என்றால் குட்டி எதற்கும் நோய் வராது. இரண்டு பக்கமும் கேரியர் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். இரண்டு பக்க அறிக்கையையும் மேசைமேல் வைத்து இதை உங்களுக்கு விளக்குகிறவர் தொழில் தெரிந்தவர். 'அபூர்வ நிறம்' என்று கூடுதல் விலை சொல்வோரிடம் கவனம் தேவை. புள்ளியும் திட்டுமாக இருக்கும் மெர்ல் நிறத்தில் இரண்டு நாய்களை இணை சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக விழும். செவிடாகவோ குருடாகவோ பிறக்கும் அபாயம் அதற்கு அதிகம். இனப் பதிவுச் சான்றிதழ் என்பது வம்சாவளியைச் சொல்லும் காகிதம். ஆரோக்கியத்துக்கு அது சாட்சி அல்ல.

நேரில் போனால் தாய் குட்டிகளோடு இருக்க வேண்டும். தந்தை வேறிடத்தில் இருப்பது சகஜம், அதைத் தவறாக எடுக்க வேண்டாம். குட்டிகள் மனிதர் புழங்கும் அறையில், மிக்சி சத்தமும் ஆட்கள் நடமாட்டமும் கேட்டு வளர்கின்றனவா என்று பாருங்கள். மிகச் சிறிய இனங்கள் ஓர் ஈற்றில் ஒன்று முதல் மூன்று குட்டிதான் ஈனுவது வழக்கம். ஆகவே நல்லவரிடம் போனால் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். எப்போது கேட்டாலும் குட்டி கையிருப்பில் இருக்கிறது, நான்கைந்து இனம் இருக்கிறது என்பவர் அந்த ரகம் இல்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கம். கருவியை வைத்துக் குட்டியின் உடம்பில் வரும் எண்ணும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணெதிரே சரிபார்க்கச் சொல்லுங்கள். குட்டிகளுக்கான தடுப்பூசித் தொடரின் கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். 'எல்லா ஊசியும் போட்டாயிற்று' என்று பத்து வாரக் குட்டிக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஊசிகள் தடுக்கும் நோய்களில் ஒன்றைத் தரும், குடலைத் தாக்கிக் குட்டியின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

உங்கள் இருவருக்கும் நடுவே இன்னொரு வழி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரீடர்கள் ஈனுவதிலிருந்து ஓய்வு கொடுத்த நான்கைந்து வயதுத் தாய் நாய்களை நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதுண்டு. கணவர் கேட்கும் இனம், நீங்கள் கேட்கும் வயது, பரிசோதனை அறிக்கை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். குறிப்பிட்ட இனங்களை மட்டும் மீட்டு வைக்கும் குழுக்களும் உண்டு.

என் யோசனை இதுதான்: முதலில் அந்தக் கலப்பின நாய்க்கு இன்னும் இரண்டு சந்திப்புகள் கொடுங்கள். சரிப்பட்டால் இரண்டு வாரம் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பல காப்பகங்கள் சம்மதிக்கும். வந்த மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடுவது, மூன்று மாதத்தில் முழுக் குணம் வெளிப்படுவது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதைத் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வாரங்களில் விருந்தாளிகள் வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் ஹார்னஸும் கயிறும் நாயின் மேல் இருக்கட்டும், புது நாய் தொலைவது பெரும்பாலும் அப்போதுதான். மகளுக்கு ஒரே ஒரு விதி போதும்: நாயைத் தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்தால் அதுவாக வரும்.

அடுத்த சந்திப்புக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். கைத்தடியோடு வரட்டும். தடியை ஊன்றி நாலு எட்டு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அதை ஓரமாகச் சாய்த்து வைக்கட்டும். தடியைக் கண்டு அந்த நாய் பதுங்கி ஓடுகிறதா, அதைப் பார்த்துச் சீறுகிறதா, அல்லது நுனியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அவர் காலடியில் உட்கார்கிறதா என்று பாருங்கள். பதுங்கினால் பயத்தைப் போக்கப் பல மாதம் பிடிக்கும், சீறினால் வேறு நாயைப் பாருங்கள். காலடியில் உட்கார்ந்தால் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்கிவிடலாம்.